குளிரில்லாத ஊரில் ஒட்டுப்போர்வை

என் பாட்டி தைத்த போர்வையில் கேஸ் கொண்டுவந்த தம்பி நன்றாகக் கால் துடைத்துவிட்டுப் போனார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. நவம்பர் மாதத்து அடைமழையில் தாழ்வாரத்துச் சாரல் வீட்டுக்குள் வழிந்தபோது, என் நாத்தனார் மகன் கொடியில் கிடந்ததை உருவி வாசலில் போட்டிருந்தான். துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்த எதுவும் மலேசியாவின் இந்தச் சுங்கை சிப்புட்டில் கால்மிதிதான். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் அப்படிப்பட்ட கால்மிதிகளைக் குவித்து வைத்து விற்கிறார்கள். "பழைய துணிதானே அத்தை?" என்று அவன் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் இலங்கையின் பதுளையிலிருந்து தொடங்க வேண்டும்.

பாட்டி பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து கிள்ளியவர். தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவான 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைக்கு வந்து சேர்ந்தபோது, இலங்கைத் தோட்டத்தில் கொடுத்த கறுப்புக் கம்பளியும் கூடவே வந்தது. அது நைந்து ஓட்டை விழுந்தபின் அதை நடுவில் வைத்து, இரு பக்கமும் கிழிந்த சேலைகளைத் துண்டு போட்டுத் தைத்ததுதான் அந்தப் போர்வை. நீலகிரியில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகும். வெளியே எல்லாம் சாம்பலும் பழுப்புமாகக் கிடக்கும். அந்த நாட்களில் பெண்கள் குவார்ட்டர்ஸ் வாசலில், வெயில் விழுகிற ஒரே படியில் நெருக்கியடித்து அமர்ந்து, மஞ்சளும் கத்தரிப்பூ நிறமும் கிளிப்பச்சையுமாக ஊசி ஓட்டுவார்கள். குளிருக்குக் கம்பளி போதும். கண்ணுக்குத்தான் அத்தனை வண்ணமும்.

கல்யாணமாகி மலேசியாவுக்கு வரும்போது சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா, பேச்சு புரியுமா என்றெல்லாம் எல்லோரும் கவலைப்பட்டார்கள். இரண்டிலும் எனக்குச் சிக்கல் வரவில்லை; காலையில் "பசியாறிட்டியாம்மா?" என்று வாய் நிறையக் கேட்கிற ஊரில் யாருக்குத்தான் அந்நியம் தோன்றும்? குளிர் இல்லாமல் போய்விடும் என்பதை மட்டும் யாரும் எச்சரிக்கவில்லை. சித்திரைக்கும் மார்கழிக்கும் இங்கே வேறுபாடு மழையளவில்தான். இரவில் 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். முதல் டிசம்பரில் நான் குளிர்சாதனத்தை 16-இல் வைத்து, போர்வைக்குள் சுருண்டு, உதகையில் இருப்பதாகப் பாவனை செய்துகொண்டேன். கரண்டு பில் வந்ததும் அந்தப் பாவனை முடிவுக்கு வந்தது. "போர்வையை எடுத்து வச்சிட்டா ஏர்கான் வேண்டாம், ஏர்கானை அடைச்சிட்டா போர்வை வேண்டாம். ரெண்டும் எதுக்கும்மா?" என்று என் மாமியாரான அத்தை கேட்டார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

இந்தப் பக்கத்தில் பருவம் அறிந்தது ரப்பர் மரம் ஒன்றுதான். பிப்ரவரி, மார்ச்சில் இலைகள் செம்பு நிறமாகிக் கொட்டும், பால் குறையும், அதை நம்பிப் பிழைப்பவர்களின் கையிருப்பும் குறையும். நாற்பது வயதுவரை மரம் வெட்டிய, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்த அத்தைக்கு அந்த இலையுதிர்வு பிடிக்காது. எனக்கோ அதைப் பார்த்தால் மனம் குளிரும். இப்போது பெரும்பாலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். அது வருடம் முழுவதும் ஒரே பச்சையில், எதற்கும் அசையாமல் நிற்கிறது. மிச்சமிருக்கும் சின்னதொரு ரப்பர்த் துண்டைப் பார்க்கக் கணவரின் மோட்டார் சைக்கிளில் போய்வருவேன். உதிர்ந்த இலையைப் பார்ப்பதற்காகப் பெட்ரோல் செலவழிக்கும் மருமகளைப் பற்றித் தாமான் (குடியிருப்பு) முழுவதும் தெரியும்.

கால்மிதி நிகழ்ச்சிக்குப் பிறகு நானே ஒன்று தைப்பது என்று முடிவு செய்தேன். கடைத்தெருவில் தையற்கடை வைத்திருக்கும் அக்கா, வெட்டி விழுந்த துணிகளை அரிசிச் சாக்கில் திணித்துக் குப்பை லாரிக்காக வைப்பார். கேட்டதும், "ஊர்லேருந்து வந்த பொண்ணு, என்னமோ பண்ணிக்கட்டும்" என்று மூன்று சாக்குகளைத் தந்துவிட்டார். அந்தச் சாக்குகளை வீட்டுத் தரையில் கொட்டியபோதுதான் இந்த ஊருக்கும் பருவங்கள் இருப்பது எனக்குத் தெரிந்தது. சீனப் பெருநாளுக்கு முன்னால் வந்த சாக்கு முழுவதும் சிவப்பு, அதிலும் பூவேலைப்பாடுள்ள பளபளப்புச் சிவப்பு. தைப்பூசத்தை ஒட்டியதில் ரவிக்கை வெட்டின மஞ்சள், இடையிடையே காவி. நோன்புப் பெருநாளான ஹரி ராயாவுக்கு ஒரு மலாய்க் குடும்பம் பெரியவர் முதல் கைக்குழந்தை வரை ஒரே துணியில் தைத்துக்கொள்ளும் என்பதால், வெளிர்பச்சையோ இளம்ரோஜாவோ ஒரே நிறம் கைநிறையக் கிடைக்கும். அந்தப் பெருநாள் ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினொரு நாள் முன்னே நகர்வதால், அதன் நிறம் எந்த மாதத்துச் சாக்கில் கிடைக்கும் என்று நிரந்தரமாகச் சொல்ல முடியாது. பள்ளி திறக்கும் சமயம் ஆரம்பப்பள்ளிக் கருநீலமும் இடைநிலைப்பள்ளிப் பையன்களின் முழுக்கால்சட்டைப் பச்சையும் வரும். தீபாவளிச் சாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதில் இல்லாத நிறத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பனி விழாவிட்டால் என்ன, தையற்கடைத் தரையைப் பார்த்தே மாதம் சொல்ல எனக்குப் பழகிவிட்டது. நான் இந்த ஊர்க்காரியாகிவிட்டேன் என்று அன்றைக்கு அம்மாவுக்குப் போன் செய்து பெருமையடித்தேன், அடித்த கையோடு, "அங்கே பனி விழுந்துச்சா?" என்றும் கேட்டேன்.

துணி பிரிக்க அத்தையும் உட்கார்ந்தார். பருத்தி ஒருபுறம், நைலக்ஸ் ஒருபுறம் என்று விரலால் தொட்டே பிரிப்பார். கைவேலையின் நடுவே ஒருநாள், தோட்டத் துண்டாடல் காலத்தைப் பற்றிச் சொன்னார். சுதந்திரத்துக்குப் பின் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு துண்டாகக் கூறுபோட்டு மறுபடி விற்றார்கள். அதில் வேலையும் தோட்டத்து வரிசை வீடான லயமும் சேர்ந்தே போயின. 1960-இல் அரசியல் தலைவர் துன் சம்பந்தன், தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டம் வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது அத்தையின் அப்பா மாதம் பத்து வெள்ளி (இந்த ஊர்ப் பணம்) கட்டினாராம். சுங்கை சிப்புட் சம்பந்தனின் நாடாளுமன்றத் தொகுதியாக இருந்ததால் இங்கே அந்தப் பேச்சு இன்னும் ஆறிப்போகவில்லை. "தீபாவளிக்குத் துணி எடுக்காம அந்தப் பத்து வெள்ளியைக் கட்டினாங்க" என்று சொல்லிவிட்டு, அத்தை ஒரு கத்தரிப்பூ நிறத் துண்டை எனக்குத் தராமல் தன் மடியில் வைத்துக்கொண்டார். நானும் கேட்கவில்லை.

பாட்டி ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கித் தைப்பார். கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்களும் தங்கள் ஒட்டுப்போர்வையான கவந்தியை அப்படித்தான் தைக்கிறார்கள். யூடியூபில் பனிநாட்டுப் பெண்கள் நேர்மாறாக, நடுவில் ஒரு சிவப்புச் சதுரத்தை வைத்து, அது வீட்டு அடுப்பின் நெருப்பு என்று சொல்லி, அதைச் சுற்றிப் பட்டை பட்டையாக வளர்த்துக்கொண்டு போகிறார்கள். நான் சீனப் பெருநாள் சிவப்பை அடுப்பாக வைத்தேன். மெழுகுச் சாயம் போட்ட பாத்தேக் துணியை ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துச் சாயம் இறங்காததை மட்டும் சேர்த்தேன். வழுக்கும் பளபளப்புத் துணிக்குக் கொஞ்சம் கஞ்சி போட்டு இஸ்திரி தேய்த்தால், கால் அங்குலம் விட்டு நேராகத் தைக்கலாம். நடுவில் கம்பளிக்குப் பதிலாக மாமாவின் பழைய சாரோங் (கைலி) இரண்டு. அது மெத்தையில் விரிந்தபோது, மழையில் கறுத்துக் கிடந்த அறைக்கு யாரோ விளக்குப் போட்டதுபோல் இருந்தது. "இதைக் கால்மிதியாப் போட மாட்டாங்க" என்று அத்தை சான்றிதழ் கொடுத்தார். இப்போது தாமானில் எனக்கு நாலைந்து பேர் துணி சேர்க்கிறார்கள். குளிரடிக்கும் கேமரன் மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் இரவல் கேட்கிறார்கள்.

அடுத்த ஒன்றைக் குன்னூருக்குப் போகிற உறவினர் கையில் கொடுத்தனுப்பினேன். உண்மையான குளிர்காலம் இருக்கும் இடத்தில் அது கிடக்கட்டும் என்று நினைத்தேன். அம்மா பத்து நாள் போர்த்திப் பார்த்துவிட்டுப் பேசினார்: "பார்க்கிறவங்க எல்லாம் அழகுன்னு சொல்றாங்க. ஆனா குளிர் தாங்கலடி. உள்ளே சாரோங்கா வைப்பாங்க? உன் பாட்டி இருந்தா சிரிச்சிருப்பாங்க. கம்பளி வச்சுத் தை."

சுங்கை சிப்புட்டில் கம்பளிக்கு எங்கே போவது? துணிக்கடைக்காரர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். கடைசியில் ஈப்போவில், ஜப்பானிலிருந்து வரும் பழைய உடுப்புகளைக் குவித்து விற்கும் பண்டல் கடையொன்றில், யாரும் சீண்டாத மூலையில் முழங்கால்வரை நீளும் கம்பளி மேலங்கிகள் வரிசையாகத் தொங்கின. சாம்பல் நிறத்தில் ஒன்று, கருப்பில் ஒன்று எடுத்தேன். கல்லாவில் இருந்த தம்பி என் வியர்வையையும் அந்த அங்கிகளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஜப்பானுக்குப் போறீங்களாக்கா?"

"நான் போகலை தம்பி. வெட்டித் தைச்சுக் குன்னூருக்கு அனுப்பப்போறேன்" என்றேன். வெட்டுவது என்றதும், இரண்டுக்கும் சேர்த்து ஐந்து வெள்ளி குறைத்துக்கொண்டார்.