மூடி சேரவில்லை

14.4.2025, திங்கள்

விசுவாவசு பிறந்தது. விடியுமுன் முற்றம் தெளித்துப் பெரியவள் 15 புள்ளிக் கோலம் போட்டாள். இடைப்புள்ளி, எட்டில் நிறுத்துவது. சின்னவன் ஒவ்வொரு புள்ளியாக எண்ணிக்கொண்டே வந்தான், பாதியில் கோழி குறுக்கே போனதும் அதன் பின்னால் ஓடிவிட்டான். அவள் எண்ணவே இல்லை. நடுவரிசை 15, மேலே 77, கீழே 77, ஆக 169 என்றாள். அப்புறம் கோலமாவுக் கையோடு அப்படியே நின்று, "அம்மா, 13ஐ 13ஆல பெருக்கினாலும் 169தானே? அது எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

மத்தியானம் வேப்பம்பூ ரசம், மாங்காய்ப் பச்சடி. சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "ஜூன்ல நான் பள்ளிக்கூடத்துக்குப் போறேன்மா."

அத்தை பரிமாறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பவள் நான்.

15.4

விளையாட்டாகச் சொல்லவில்லை. இன்றும் சொன்னாள்.

18.4, பெரிய வெள்ளி

தூக்கம் வரவில்லை.

"இங்க என்ன குறை?" என்று இன்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ரொம்ப நேரம் யோசித்தாள். "குறைன்னு ஒண்ணும் இல்லம்மா. அங்க நிறையப் பேரு இருக்காங்க" என்றாள். அவ்வளவுதான்.

நிறையப் பேர். இங்கே நாங்கள் நாலு பேர், ஓசூரிலிருந்து அவர் வந்தால் ஐந்து. பனையேறி அண்ணாச்சி வீட்டுப் பிள்ளைகள் விடுமுறையில் மட்டும் வருவார்கள். சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகள் பேருந்தை விட்டு இறங்கும் நேரத்தில் அவள் திண்ணையில் ஓலையோடு உட்கார்ந்திருப்பாள். ஓலை பின்னத்தான் உட்காருகிறாள் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து வயதில் தேரியின் செம்மணல் மேட்டில் விரலால் எழுதிப் படித்தவள் அவள். அண்ணாச்சி பதநீர் காய்ச்சும் விடிலியில் உட்கார்ந்துதான் விகிதம் கற்றுக்கொண்டாள். எட்டு, ஒன்பது லிட்டர் பதநீர் காய்ந்து ஒரு கிலோ கருப்பட்டி ஆவதைப் பார்த்துவிட்டு, "மீதியெல்லாம் எங்கம்மா போச்சு?" என்று கேட்டாள். ஒரு வாரம் முழுக்க ஆவியைப் பற்றியே பேசினோம். சோற்றுப் பானை மூடியில் சொட்டும் தண்ணீரை எத்தனை தடவை எடுத்து எடுத்துப் பார்த்தாள்! கலயத்தில் ஏன் சுண்ணாம்பு தடவுகிறார்கள் என்று கேட்டு, தடவாமல் ஒரு கிண்ணத்தில் பதநீரை வைத்து, மறுநாள் அது புளித்து நுரைத்ததை நோட்டில் வரைந்தாள். அந்த நோட்டு அலமாரியில் இருக்கிறது. இதெல்லாம் படிப்பு இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் அவள் அப்படிச் சொல்லவில்லையே. நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றுதான் சொன்னாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் எத்தனை பேராக இருக்க முடியும்?

21.4

அண்ணாச்சி இரண்டு குருத்தோலை கொண்டுவந்து போட்டார். ஒரு மரத்தில் ஒன்றுக்கு மேல் வெட்ட மாட்டார். குருத்தில் கை வைப்பது மரத்தின் உயிரில் கை வைப்பது என்பார். ஈர்க்கை உரித்துவிட்டு மாடியில் பரப்பிக் காயப்போட்டோம். நன்றாக வெளுத்தால்தான் சாயம் பிடிக்கும்.

பெரியவள் மூடி போட்ட பெட்டி ஒன்று பின்னப் போகிறாளாம். இதுவரை சுளகு, பட்டை, கிலுகிலுப்பை, மீன் எல்லாம் பின்னியிருக்கிறாள், மூடி மட்டும் வந்ததில்லை. எதற்குப் பெட்டி என்றேன்.

"பென்சில், ஸ்கேல் வைக்க."

வேறொன்றும் கேட்கவில்லை நான்.

27.4, ஞாயிறு

சின்னவனுக்கு ஏழு முடிந்தும் வாசிக்க வரவில்லை. எழுத்து தெரியும், கூட்டத் தெரியாது. 'க', 'ரு', 'ப்' என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான். அவளுக்கு இந்த வயதில் பேருந்துப் பலகையெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அவசரப்படக் கூடாது, அது அதற்கு நேரம் வரும் என்று நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இன்று எனக்கே அதைச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் கேட்டதிலிருந்து எல்லாமே பயமாக இருக்கிறது. ஒரு பிள்ளையிடம் தப்பு செய்துவிட்டேனா, இரண்டு பிள்ளைகளிடமுமா?

கடையில் கருப்பட்டிப் பெட்டியில் 'புவிசார் குறியீடு' என்று அச்சடித்திருக்கிறது. 'பு', 'வி' வரைக்கும் வந்தான். உடன்குடிக்குக் கிடைத்த பெருமை, அவனுக்கு அது எட்டு எழுத்து.

4.5

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். நுங்கு, நுங்கு, நுங்கு. நுங்கு தின்ற வெறுங்கூட்டில் சின்னவன் வண்டி செய்து தெருவெல்லாம் உருட்டினான். மூன்று பேரும் கிணற்றடியில் நனைந்தோம். அத்தை திட்டிக்கொண்டே வந்து தானும் ஒரு வாளி ஊற்றிக்கொண்டார்கள். நாள் முழுக்க ஜூன் மாசம் நினைவுக்கே வரவில்லை.

8.5, வியாழன்

போய்வந்தோம்.

அலுவலக அறையில் இருந்தவர் தலை நிமிராமல் "டி.சி.?" என்றார். இல்லை என்றேன். "எமிஸ் நம்பர்?" அரசு மாணவர் பதிவு எண்ணாம், அதுவும் இல்லை. "இதுக்கு முன்னாடி எந்தப் பள்ளி?" எந்தப் பள்ளியும் இல்லை. அப்போதுதான் நிமிர்ந்தார். "அப்ப இத்தனை வருஷமும் பிள்ளைய வேலைக்கு அனுப்பினீங்களா?"

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. காது சுட்டது. அவள்தான் சொன்னாள்: "இல்ல சார், எங்கம்மாகிட்ட படிச்சேன்." அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. அதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. தலைமையாசிரியர் விடுப்பில் இருக்கிறார், டி.சி. இல்லாமல் சேர்க்க முடியாது, பிறகு பாருங்கள் என்றார்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஓலையை நனைத்துப் பின்ன உட்கார்ந்தாள். ராத்திரி எட்டு மணி வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

ஒன்றை இங்கே எழுதியாக வேண்டும், எழுதாவிட்டால் அது பொய். அவர் முடியாது என்று சொன்ன நிமிஷம் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. ஒரு நிமிஷம்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன்.

9.5

ஓசூரிலிருந்து அவர் போனில் நிதானமாகச் சொன்னார், எழுதிக்கொண்டேன். 2009 கல்வி உரிமைச் சட்டம், 4ஆம் பிரிவு. ஆறு வயதைத் தாண்டியும் பள்ளியில் சேராத பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து வருவதற்கு அதற்குத் தனிப்பயிற்சி பெறவும் உரிமை உண்டு. பெரியவளுக்கு இன்னும் பதின்மூன்று ஆகவில்லை. எட்டாம் வகுப்பு.

"நீ விடாத" என்றார். நான் விட நினைத்தது அவருக்கு எப்படித் தெரிந்தது?

10.5

மூடி சேரவில்லை. அடிக்கு எத்தனை இழையோ அத்தனையே மூடிக்கும் வைத்திருக்கிறாள். பிரித்துவிட்டாள்.

16.5, வெள்ளி

இன்று பத்தாம் வகுப்பு முடிவு. தெருவில் ஒரு பெண் நல்ல மார்க். ஊரே அவர்கள் வீட்டு வாசலில். பெரியவள் கற்கண்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அத்தை என்னிடம் சொன்னார்கள், குறை சொல்லும் குரலில் இல்லை: "பிள்ளைக்கு ஆச வந்தா வழி விடணும் தாயி. நான் மூணாங் கிளாஸோட நின்னவ. என்னய யாரும் கேக்கல."

இத்தனை வருஷத்தில் அத்தை இதை என்னிடம் சொன்னதே இல்லை.

19.5

எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை இறக்கி, கடையில் அச்செடுத்து வந்தோம். தொடக்கத்திலேயே விகிதமுறு எண்கள். இரண்டு பக்கம் படித்துவிட்டு, "இது எனக்குத் தெரியும்மா. பேருதான் தெரியல" என்றாள். பின்னம்தானே அது, ஓலையை அரைக்கால், கால் என்று வார்ந்து வார்ந்து அவள் கையில் இருப்பது. குறை எண் கீழே வரும் இடத்தில் மட்டும் தடுமாறினாள். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தோம். மத்தியானம் முழுக்கப் போனதே தெரியவில்லை. என் கூட உட்கார்ந்து படிப்பது இன்னும் எத்தனை நாள் என்று எண்ணத் தொடங்கினேன், உடனே நிறுத்திக்கொண்டேன்.

13 புள்ளி, ஏழில் முடிகிற கோலத்தையும் போட்டுப் பார்த்திருக்கிறாள். 127. அது எதன் வர்க்கமும் இல்லை. 11க்கு 91, அதுவும் இல்லை. "அப்ப 15க்கு மட்டும் ஏன்?"

25.5, ஞாயிறு

கேரளத்தில் நேற்றே பருவமழை தொடங்கிவிட்டதாம். நமக்குக் காற்று மட்டும்தான். தேரியிலிருந்து செம்மண் பறந்து வந்து மாடியில் காய்ந்த ஓலையெல்லாம் சிவப்பாகிவிட்டது. கழுவிக் கழுவி மாளவில்லை.

காற்றில் வெளியே போக முடியாமல் ஓலையில் எழுதிப் பார்த்தோம். இரும்பு ஆணியால் கீறி, விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால் எழுத்து மட்டும் கறுப்பாக நிற்கிறது. சின்னவன் அதைப் பார்த்துவிட்டு என்னமாய்க் கத்தினான்! தன் பெயரை எழுதினான். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்தபோது ஓலையில் ஓட்டை விழுந்தது. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள் என்று அவர் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னதும், "அப்ப எப்படிப் படிப்பாங்க?" என்று கேட்டான். "புள்ளி எங்க வரும்னு நாமளே யோசிச்சுப் படிக்கணும்" என்றாள் பெரியவள். அவனுக்கு அது விடுகதை மாதிரி ஆகிவிட்டது. புள்ளி இல்லாமல் அவள் எழுதி எழுதிக் கொடுக்க, அவன் விளக்கு வைக்கும் வரை மல்லுக்கட்டினான். 'பல' என்று எழுதினால் பல்லா, பலவா என்று சண்டை.

கூட்டிப் படிக்கிறான். நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடுமோ என்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.

27.5

தலைமையாசிரியை இருந்தார். சட்டப் பிரிவு எழுதிய தாளை நீட்டினேன், அதை வாங்காமல் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார். செய்தித்தாளில் ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னார். ஒரு கணக்கு. "என்ன பிடிக்கும்?" என்றார். ஓலை பின்னுவேன் என்றாள். "எங்க அம்மாவும் பின்னுவாங்க" என்றார் அவர். எட்டாம் வகுப்பு. பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் நகல். ஜூன் 2 காலை ஒன்பது மணிக்கு வர வேண்டும்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டில் என் கையைப் பிடித்து எவ்வளவு நாளாயிற்று.

30.5

இரட்டைச் சடை போட்டு, மடித்துக் கட்டி, ரிப்பன் வைக்க வேண்டுமாம். நான் அவளுக்கு இதுவரை ஒற்றைச் சடைதான் போட்டிருக்கிறேன். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு கண்ணாடி முன்னால் நின்று தானே போட்டுப் பார்க்கிறாள். மூன்று நாளாக நடக்கிறது. வலது பக்கம் நன்றாக வருகிறது. இடது பக்கம் நழுவுகிறது. கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.

1.6, ஞாயிறு

மூடிக்கு ஓலையை ஒரு நூல் கூடுதல் அகலமாக வார வேண்டும் என்று அத்தை காட்டிக்கொடுத்தார்கள். இத்தனை நாள் சொல்லாமல் ஏன் இருந்தீர்கள் என்றேன். "அவ கேக்கலயே" என்றார்கள்.

பின்னி முடித்தபோது மணி ஒன்பது. இப்போது மூடி லொடலொடவென்று ஆடுகிறது. இனி நேரமில்லை. நூல் சுற்றிக் கட்டிக்கொள்கிறேன் என்றாள்.

2.6

இடது சடை நழுவியது. "நீங்க போட்டுவிடுங்கம்மா" என்று சீப்பைக் கொடுத்தாள். கை நடுங்கியது. இரண்டு தடவை அவிழ்த்துப் போட்டேன். ஏழே முக்கால் பேருந்து. ஏறியதும் திரும்பிப் பார்த்தாள், ஏற்கனவே பக்கத்தில் ஒரு பிள்ளை இவளிடம் ஏதோ பேசத் தொடங்கியிருந்தது.

சின்னவன் மத்தியானம் சாப்பிடவில்லை.

4.6, புதன்

அலமாரியில் சின்னவனுக்கு ஒரு ஓலை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். புள்ளி இல்லாமல் நாலு சொல். காலையிலிருந்து அதோடுதான் இருக்கிறான். என்ன எழுதியிருக்கிறாள் என்று எனக்கும் காட்ட மாட்டேன் என்கிறான்.

தண்ணீர்த் தொட்டி கழுவினேன். ஊறப்போட்டிருந்த ஓலையை எடுத்துக் காய வைத்தேன்.

நேற்று ராத்திரி வகுப்பில் 42 பேர் என்றாள், பத்துப் பதினைந்து பெயர் சொன்னாள், எனக்கு இரண்டு நினைவிருக்கிறது. கணக்கு ஆசிரியரிடம் 169ஐப் பற்றிக் கேட்டாளாம். கரும்பலகையில் கோலத்தைப் போட்டுக் காட்டச் சொன்னாராம். போட்டாளாம். பார்த்துவிட்டு, "நாளைக்குச் சொல்றேன்" என்றாராம்.