பைண்டு வால்யூமுக்குள் சிறுகதை: அட்டவணை வேலைக் குறிப்புகள்

ஜூன் 3

பழைய பத்திரிகைக் கதைகளுக்கு அட்டவணை போட உட்காருகிறவருக்கு முதல் எதிரி பைண்டர்தான். ஆறு மாத இதழ்களைச் சேர்த்துத் தைக்கும்போது மேலட்டையையும் விளம்பரத் தாள்களையும் கிழித்து எறிந்துவிடுவார்கள். தேதி பெரும்பாலும் அட்டையில்தான் இருந்திருக்கும், போயே போச்சு. தலையங்கத்துக்கு மேலே மலர், இதழ் எண் இருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் தமிழ் வருஷமும் மாதமும் மட்டும் கிடைக்கும். அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. யுவ வருஷம் பிறந்தது 1935 ஏப்ரலில். ஆனால் அதே யுவ வருஷத்துத் தை பிறப்பது 1936 ஜனவரியில். தை, மாசி, பங்குனி இதழ்களையும் 1935 என்று குறித்துவிட்டால் கதைக்கு ஒரு வயது கூடிவிடும். யார் முதலில் எழுதினார் என்ற வழக்குகளில் பாதி இப்படிக் கிளம்பியவைதானோ என்று சந்தேகம்.

ஜூன் 5

பெயர்ப் பத்திக்கு இரண்டு கட்டம் விடுங்கள்: அச்சில் உள்ள பெயர், ஆசிரியரின் உண்மைப் பெயர். முதலாவதில் கை வைக்கக் கூடாது. 1915இல் ‘விவேகபோதினி’யில் வந்த ‘குளத்தங்கரை அரசமரம்’ வ.வே.சு. ஐயருடைய கதை, அச்சில் அவர் மனைவி பாக்கியலக்ஷ்மி அம்மாளின் பெயர். ‘சுஜாதா’வும் ரங்கராஜனின் மனைவி பெயர்தான். ஒரே கட்டம் வைத்தால் பின்னால் வருகிறவர் இல்லாத ஒரு பெண் எழுத்தாளரைக் கண்டுபிடிப்பார், இருந்த ஒருவரைத் தவறவிடுவார்.

மூலம் என்ற கட்டமும் வேண்டும். அரசமரம் கதை சொல்கிற உத்திக்குப் பின்னால், படித்துறை கதை சொல்கிற தாகூரின் 1884ஆம் ஆண்டுக் கதை இருக்கிறது. தழுவல் என்று குறிப்பதால் ஐயருக்கு இழுக்கில்லை.

ஜூன் 6

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் துதிக்கை வளைத்த லை, ணை, னை, சுழித்த றா, னா. அச்சுப் படத்தைப் பார்த்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள் அவற்றில் தடுமாறும். ஒரு பக்கத்தைச் சோதித்துவிட்டு மொத்தத்தையும் நம்ப வேண்டாம். தலைப்பையும் பெயரையும் கையால் தட்டச்சு செய்வதே உத்தமம்.

ஜூன் 10

நீளத்தைப் பக்கக் கணக்கில் எழுதுவது வீண். பத்து முழு வரிகளில் உள்ள சொற்களை எண்ணிச் சராசரி எடுத்து, ஒரு பத்தியின் (பக்கத்தில் மேலிருந்து கீழே ஓடும் ஒரு நிரலின்) வரிகளால் பெருக்க வேண்டும். வரிக்கு 5 சொல், பத்திக்கு 40 வரி, பக்கத்துக்கு இரண்டு பத்தி என்றால் 400 சொல். படம் மூன்றில் ஒரு பங்கை அடைத்தால் ஏறக்குறைய 270.

இப்படி அளந்தால்தான் தலைமுறை மாற்றம் கண்ணில் படும். 1935இல் பி.எஸ். ராமையா கையில் ‘மணிக்கொடி’ கதைப் பத்திரிகையானபோது கதைக்குப் பக்கம் ஒதுக்கிக் கொடுத்தது. விற்பனை பெருகிய வாரப் பத்திரிகைகளில் தொடர்கதைக்கும் விளம்பரத்துக்கும் போக மிஞ்சிய இடம்தான் கதைக்கு. கடைசியில் ஒரு பக்கக் கதை: 270 சொல்லில் ஆளை அறிமுகப்படுத்தவே இடம் போதாது, அதனால் எல்லாப் பாரமும் கடைசி வரித் திருப்பத்தின் தலையில். குட்டையாக இருப்பது குற்றமில்லை. புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ (1934) சில பக்கம்தான். அது திருப்பத்துக்காகக் காத்திருக்கவில்லை, முதல் வரியிலிருந்தே குத்திக்கொண்டு வருகிறது.

ஓவியரின் பெயரையும் குறியுங்கள். கோபுலுவோ மாயாவோ ஜெயராஜோ வரைந்த முகத்தோடுதான் வாசகர் அந்தக் கதையைப் படித்தார். புத்தகத்தில் அந்த முகம் கிடையாது.

ஜூன் 14

பத்திரிகைப் பாடமும் (அதில் அச்சான வாசகமும்) புத்தகப் பாடமும் ஒன்றென்று எண்ணிவிடாதீர்கள். புதுமைப்பித்தன் கதைகளுக்கு ஆ. இரா. வேங்கடாசலபதி 2000இல் கொண்டுவந்த பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், எதை ஒப்பிட வேண்டும் என்பது பிடிபடும்.

ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’ (ஆனந்த விகடன், 1966) தனி ரகம். கெட்டுப்போனதாக ஊர் சொல்லக்கூடிய மகளைத் தாய் தலையில் நீரூற்றி ஏற்றுக்கொண்டாள், வாசகர்கள் கொந்தளித்தார்கள். தாய் அப்படிச் செய்யாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் எழுதிய தொடர் ‘காலங்கள் மாறும்’ என்று தினமணி கதிரில் வந்து, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று புத்தகமானது. அதில் நாயகி கங்கா அந்தச் சிறுகதையையே ஒரு பத்திரிகையில் படிக்கிறாள்! கதை, தொடர், நூல் மூன்றுக்கும் தனித்தனிப் பதிவு போட்டு இணைப்பு எண் கொடுக்க வேண்டும். தலைப்பை வைத்துத் தேடினால் தொடர் சிக்காது.

ஜூன் 20

இணைய இதழ்க் கதைகளுக்குப் பக்கத் தட்டுப்பாடு இல்லை, அதனால் பழைய கணக்கில் குறுநாவலாகக்கூடியதும் சிறுகதை என்ற பெயரில் வருகிறது. தாள் இல்லை, அதனால் மட்காது என்று நினைப்பவர்கள் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துக் குறியாக்கமான திஸ்கியில் (TSCII) உள்ள கோப்பு ஒன்றை இன்று திறந்து பார்க்கட்டும். உரிய எழுத்துரு இல்லாவிட்டால் அத்தனையும் புரியாத குறிகள். இன்னொன்று, வெளியான பிறகும் ஆசிரியர் வரிகளைத் திருத்தலாம், தடம் தெரியாது. ஆகவே வெளியான தேதி, பார்த்த தேதி இரண்டையும் எழுதி, அன்றே ஒரு படியைச் சேமித்து, கோப்பின் பெயரில் பார்த்த தேதியைச் சேருங்கள்.