ஒரு போன் வரட்டும்

அந்தத் துப்பறியும் டிவி தொடருக்கு வசனம் எழுதியவன் என்று தெரிந்துவிட்டால் போதும், கல்யாண வீடானாலும் பல் டாக்டர் கிளினிக்கானாலும் ஒரே கேள்விதான். "நல்லாத்தானே சார் போயிட்டிருந்துச்சு? ஏன் அப்படி ஆக்கிட்டீங்க?" கேட்பவர் பெரும்பாலும் மனத்தில் வைத்திருப்பது செத்துப்போன வில்லனின் இரட்டைத் தம்பி வந்து இறங்கிய எபிசோடை. "ஆமா சார், சேனல் பிரஷர்" என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

என் கணக்கில் அந்தச் சரிவு ரொம்ப முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. ஷூட்டிங் வீட்டின் மேக்கப் அறையில், திரைக்கதை எழுதிய அண்ணனும் நானும் மட்டும் இருந்தபோது, நான் சொன்ன ஒரு வரியில். அல்லது அந்த வரிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையோ என்னவோ. தெரிந்திருந்தால் இவ்வளவு நாள் மண்டைக்குள் வைத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்த வாரக் கதை இது. தாம்பரம் பக்கம் ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் இறந்து கிடக்கிறார். மூட்டு வலியில் கட்டிலை விட்டு இறங்க முடியாதவர். மருமகள் ஞாயிற்றுக்கிழமையே அம்மா வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொல்கிறாள். பஸ் டிக்கெட் வைத்திருக்கிறாள், சாட்சி சொல்லவும் ஆள் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் அடுப்படியில் நின்று ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கிறார். அவர் காலடியில் சிலிண்டரின் மூடியும் அதில் கட்டிய வெள்ளை நைலான் கயிறும் கிடக்கின்றன. அவர் குனிந்து பார்ப்பதில்லை, கேமரா மட்டும் பார்க்கிறது. கடைசிப் பகுதியில் கேஸ் போடும் பையன் புத்தகத்தைக் காட்டுகிறான். செவ்வாய்க்கிழமை சிலிண்டர் இறக்கியிருக்கிறது, யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்கள். கட்டிலை விட்டு இறங்க முடியாதவர் வாசலுக்கு வந்து கையெழுத்துப் போட்டிருப்பாரா?

அண்ணனுக்கு ஒரு விதி உண்டு. "கண்டுபிடிக்க என்ன வேணுமோ அது ரெண்டாவது பிரேக்குக்கு முன்னாடியே திரையில இருக்கணும். ஜனங்க பாக்குறாங்களா இல்லையாங்கிறது அவங்க பாடு." மர்மதேசம் வாரம் ஒரு முறை வந்த காலத்தில், ஒரு எபிசோடுக்கும் அடுத்த எபிசோடுக்கும் நடுவில் தெருவே உட்கார்ந்து யார் குற்றவாளி என்று விவாதித்த கதையைச் சொல்லுவார். அந்த ஏழு நாள்தான் தொடரின் உண்மையான நீளம் என்பார். எங்கள் செட்டிலும் அது நடந்தது. ஸீன் பேப்பர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும் என்பதால், லைட்மேன்களும் புரொடக்ஷன் பையன்களும் யார் கொலைகாரன் என்று டீக்குப் பந்தயம் கட்டுவார்கள். அவர்கள் தோற்றால் எனக்கு அன்றைக்கு நல்ல நாள்.

சரி, ஷூட்டிங்குக்கு வருகிறேன். எங்களுக்கு என்று சொன்ன அடுப்படியை வேறொரு யூனிட் பிடித்துவிட்டது. கேஸ் பையனாக நடிக்க வேண்டியவர் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. மருமகளாக நடிப்பவருக்கு அன்றைக்குக் கடைசி கால்ஷீட், மறுநாள் ஐதராபாத்தில் இருந்தாக வேண்டும். முன்கூட்டியே எடுத்து வைத்த பேங்கிங் கையில் ஒரு எபிசோடுகூட இல்லை. மானேஜர் கதவைத் தட்டி, "அண்ணே, இருக்கிற ஆர்ட்டிஸ்ட்ட வச்சு முடிச்சுக் கொடுத்துடுங்க. நாளைக்கு டெலிகாஸ்ட்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் நான் சொன்னேன். "ஒரு போன் வரட்டும்ணே. பேர் சொல்லாம ஒருத்தன் தகவல் கொடுக்கிறான், இன்ஸ்பெக்டர் நேரா மருமகள் முன்னாடி போய் நிக்கிறார், அவ அழுதுடுறா. அரைப் பக்கம்தான்."

அண்ணன் என்னைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். "சரி, எழுது. மியூசிக்ல பாத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். நான் எழுதினேன். "சார், நான் யாருன்னு கேக்காதீங்க" என்று ஆரம்பிக்கும் அந்த அரைப் பக்கத்தை எழுதியதைவிடச் சுலபமாக நான் எதையும் எழுதியதில்லை.

இதில் என்ன பெரிய குற்றம்? அதையும்தான் யோசித்துப் பார்க்கிறேன். வாரம் ஒரு எபிசோடாக இருந்தவரை எங்களுக்கு ஒரு கொலைக்கு ஒரு வாரம் கிடைத்தது. திங்கள் முதல் வெள்ளி என்று சேனல் மாற்றியது. விளம்பரம் போக ஒரு எபிசோடுக்கு 22 நிமிடம் என்று வைத்தாலும் வாரத்துக்கு 110 நிமிடம். அதாவது வாரா வாரம் ஒரு துப்பறியும் சினிமா. மூன்று பேர் உட்கார்ந்து இதைச் செய்ய முடியும் என்று நம்புகிறவர், ஒரு மாதம் செய்து காட்டிவிட்டு என்னைத் திட்டட்டும். அன்றைக்கு யூனிட் முழுக்கக் காத்திருந்தது. பேட்டா கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒரு வழி சொன்னேன், வேலை முடிந்தது. எழுத்தாளன் என்று சம்பளம் வாங்குவதே அதற்குத்தானே.

ஆனால் ராத்திரி பைக்கில் போரூர் சிக்னலில் நிற்கும்போது வேறொன்று தோன்றியது. சிலிண்டர் மூடி அடுப்படியில்தான் கிடக்க வேண்டுமா? பின்வாசல் படியில் கிடந்தால் என்ன? மானேஜரின் உதவியாளருக்கு ஒரு காக்கிச் சட்டையை மாட்டிக் கேஸ் பையனாக நிறுத்தியிருக்கலாமே. இரண்டே ஷாட். அண்ணனுக்கு இது தோன்றாமலா இருந்திருக்கும்? நான் முந்திக்கொண்டு ஒரு சுலபமான வழியை நீட்டியதால்தான் அவர் தேடுவதை நிறுத்தினாரோ? சிக்னலில் நிற்கும்போது எல்லோருக்கும்தான் நல்ல ஸீன் தோன்றும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

டிஆர்பி பற்றித் தெரியாதவர்களுக்கு: ஒரு நிகழ்ச்சியை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்று காட்டும் புள்ளி அது. சனி முதல் வெள்ளி வரையிலான வாரத்தின் கணக்கு அடுத்த வியாழக்கிழமை வரும். அந்த வியாழக்கிழமை எங்கள் புள்ளி கொஞ்சம் ஏறியிருந்தது. சேனலில் எங்கள் தொடரைப் பார்த்துக்கொண்ட மேடம் கூப்பிட்டு, "இந்த வாரம் நல்லா ஸ்பீடா இருந்துச்சு. இன்வெஸ்டிகேஷன்னு இழுக்கல. இப்படியே போங்க" என்றார். புகார் வந்திருந்தால் நான் திருத்திக்கொண்டிருப்பேன் என்று நினைத்துக்கொள்வேன். பாராட்டல்லவா வந்தது! அதற்குப் பிறகு போன் அடிக்கடி வர ஆரம்பித்தது. போனே வந்தால் அலுத்துவிடும் என்று நடுவில் மொட்டைக் கடிதம், சிசிடிவி பதிவு, திடீரென்று மனம் திருந்திய கூட்டாளி. "இந்தத் தடவை போனா, லெட்டரா?" என்பது எங்கள் அறையில் வழக்கமான பேச்சாகிவிட்டது.

பார்வையாளர்களுக்கு எதுவும் குறையவில்லை. காட்டாத துப்பை யார் தேடப்போகிறார்கள்? மாற்றத்தை முதலில் கண்டுபிடித்தது லைட்மேன்கள்தான். பந்தயம் நின்றுபோனது. ஒரு நாள் அவர்களில் ஒருவர் டீ கிளாஸோடு வந்து, கிண்டலே இல்லாமல், "சார், இன்னைக்கு போன் எந்த ஸீன்ல வருது? லைட்டிங் அதுக்கேத்த மாதிரி வச்சிடுறேன்" என்று கேட்டார். இரட்டைத் தம்பி வருவதற்கு ஒரு வருஷம் முன்னால் இது.

ஒரே அச்சில் ஓடினால் தொடர் கெட்டுவிடும் என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்வதில்லை. இந்தித் துப்பறியும் தொடரான சிஐடி 1998 முதல் 2018 வரை சோனியில் ஓடியது. தயா கதவை உடைப்பார், ஏசிபி பிரத்யுமன் விரலைச் சுழற்றி ஏதோ சரியில்லை என்பார். அதற்காகத்தான் ஜனங்கள் உட்கார்ந்தார்கள். அதே குழு 2004இல் 111 நிமிட எபிசோடு ஒன்றை வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்துக் காட்டியது. அவர்கள் கொடுத்த வாக்கு கதவு உடைவது, அது உடைந்துகொண்டே இருந்தது. எங்கள் தொடர் கொடுத்த வாக்கு வேறு: கவனமாகப் பார்த்தால் நீயும் கண்டுபிடித்துவிடலாம். அந்த வாக்கில்தான் நான் கை வைத்தேன் என்று தோன்றுகிறது.

செத்தவன் திரும்பி வருவதும் தன்னளவில் பெரிய பாவமில்லை. கானன் டாயில் 1893இல் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றார், 1903இல் திரும்பக் கூட்டிவந்தார். வாசகர்கள் சந்தோஷமாகத்தான் படித்தார்கள். இரட்டைத் தம்பிக்காக என்னைத் திட்டுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எடுபடவில்லை. ஹோம்ஸ் வந்த பிறகும் தடயத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். எங்கள் ஆளுக்கு அதற்குள் போன் பழகியிருந்தது.

வேலை இல்லாத ஒரு இடைவெளியில் டெக்ஸ்டர் தொடரை முதலிலிருந்து பார்த்தேன். மயாமி போலீஸில் ரத்தத் தடய நிபுணராக இருந்துகொண்டே கொலைகாரர்களைக் கொல்கிறவனின் கதை. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் கோடு போடுகிறார்கள்: நான்காவது சீசன் வரை பிரமாதம், பிறகு இறக்கம். ஜான் லித்கோ வில்லனாக வந்த அந்த சீசன் 2009 டிசம்பரில் டெக்ஸ்டரின் மனைவியின் சாவோடு முடிந்தது. அதோடு தலைமை எழுத்துப் பொறுப்பிலிருந்த கிளைட் பிலிப்ஸ் விலகிவிட்டார். தொடர் எட்டாவது சீசன் வரை இழுக்கப்பட்டு, 2013 செப்டம்பரில் அவன் மரம் வெட்டுகிறவனாக எங்கோ போய் உட்காருவதில் முடிந்தது. இவ்வளவு திட்டு வாங்கிய அந்தக் கடைசி எபிசோடைத்தான் அமெரிக்காவில் 28 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்தத் தொடரின் எந்த எபிசோடுக்கும் அதுவரை அவ்வளவு கூட்டம் இல்லை. எங்கள் மேடம் அங்கே இருந்திருந்தாலும் "இப்படியே போங்க" என்றுதான் சொல்லியிருப்பார்.

எனக்கு ஒட்டிக்கொண்டது வேறு இடம். எல்லோரும் கொண்டாடும் இரண்டாவது சீசனின் முடிவு அது. டெக்ஸ்டர் யார் என்று சார்ஜென்ட் டோக்ஸ் கண்டுபிடித்துவிடுகிறார். டெக்ஸ்டர் அவரைக் காட்டுக்குள் ஒரு குடிசையில் அடைத்து வைத்திருக்கிறான். தவறு செய்யாத ஒரு மனிதரைக் கொல்வதா, தான் மாட்டிக்கொள்வதா? தொடர் மொத்தமும் அந்தக் கேள்வியில் வந்து நிற்கிறது. அவன் முடிவெடுப்பதற்குள் லைலா என்கிற பெண் அங்கே வந்து குடிசையைக் கொளுத்திவிடுகிறாள். டோக்ஸ் செத்தார், பழியும் அவர் மேலேயே விழுந்தது, நம் ஆள் கை சுத்தம்.

நான் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு போன் வந்துவிட்டது!

அதை 2007இல் யாரும் இறக்கம் என்று சொல்லவில்லை. அந்த ஒரு தடவை தப்பிக்கவிட்டதால்தானே பின்னால் தடவைக்குத் தடவை தப்பிக்கவிட வேண்டிவந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியென்றால் நான்காவது சீசனில் போட்ட கோடு தப்பு. ஆனால் நடுவில் அந்த நான்காவது சீசன் வந்திருக்கிறதே! போன் வந்த பிறகும் ஒரு தொடர் அதன் உச்சத்தைத் தொட முடியும் என்றால், என் மேக்கப் அறைச் சித்தாந்தத்துக்கு என்ன மரியாதை? இதற்கு என்னிடம் பதில் இல்லை. பிலிப்ஸ் 2021இல் திரும்பி வந்து, டெக்ஸ்டரைச் சொந்த மகன் கையாலேயே சுட்டுச் சாகவைத்தார். நியாயமான முடிவு என்று நினைத்தேன். 2025இல் அவன் பிழைத்து எழுந்து புதுத் தொடரில் நடக்க ஆரம்பித்துவிட்டான். இரட்டைத் தம்பி வைத்த எனக்குச் சிரிக்க உரிமை இல்லை, ஆனாலும் சிரித்தேன்.

அண்ணன் எங்கள் தொடரை விட்டுப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. சண்டை ஒன்றுமில்லை, நல்ல சம்பளத்துக்கு ஒரு குடும்ப சீரியலுக்குப் போனார். கொஞ்ச நாள் முன்பு போன் செய்தேன். அந்த மேக்கப் அறை விஷயத்தைச் சொல்லி, அன்றைக்கு என் மேல் கோபமா என்று கேட்டேன்.

"எந்த மேக்கப் ரூம்?" என்றார். அவருக்கு நினைவே இல்லை.

"அது அப்பவே போச்சுப்பா. இன்ஸ்பெக்டரோட பொண்ணக் கடத்தினோமே, அன்னைக்கே முடிஞ்சுது. அது நான் எழுதினது. அதுவரைக்கும் அவர் வீடுன்னா ஸ்டேஷனுக்கு வர்ற டிபன் கேரியர் மட்டும்தான். வழக்கு வீட்டுக்குள்ள வந்த அன்னைக்கே அது குடும்பக் கதை ஆயிடுச்சு. அப்புறம் சும்மா ஒரு கொலைன்னா யாருக்கும் பத்தல. தங்கச்சிக்கு ஆபத்து, பொண்டாட்டிக்கு ஆபத்துன்னு போக வேண்டியதாப்போச்சு."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் எழுதியதிலேயே நல்ல எபிசோடுகள் அந்தக் கடத்தல் எபிசோடுகள். துப்பெல்லாம் ஒழுங்காக இருந்தது. டெக்ஸ்டரின் நான்காவது சீசனையும் இழுத்தேன். அங்கேயும் மனைவி செத்துத்தானே உச்சம் வந்தது என்றேன். "அதத்தான் நானும் சொல்றேன். அதுக்கப்புறம் அவனுக்குப் போக இடம் எங்க இருந்துச்சு?" என்றார். அரை மணி நேரம் இப்படியே போனது. தொடரைக் கெடுத்தது யார் என்று இரண்டு பேர் உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தோம்.

வைக்கும்போது, "அந்த சிலிண்டர் மேட்டர நீ வேற எங்கயாவது வச்சியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நான் வச்சுட்டேன்பா" என்றார்.

அவர் சொன்ன எபிசோடுகளைத் தேடிப் பார்த்தேன். மாமியாருக்கு மூத்த மருமகள் மேல் சந்தேகம். ஊருக்குப் போயிருந்ததாகச் சொன்னவள் வீட்டில்தான் இருந்திருக்கிறாள் என்று மாமியார் கண்டுபிடிக்கிறார். மூடியும் நைலான் கயிறும் இரண்டாவது பிரேக்குக்கு முன்னாலேயே தரையில் கிடக்கின்றன. கேஸ் பையன் வருகிறான், புத்தகத்தில் கையெழுத்து குளோசப்பில் வருகிறது. மாமியார் ஒரு வார்த்தை பேசாமல் புத்தகத்தைப் புரட்டுகிறார். யாரும் போன் செய்யவில்லை. அந்த சீரியலின் புள்ளி எங்கள் தொடர் நன்றாக ஓடிய நாளில் வாங்கியதைவிட அதிகம்.