மூன்றாம் சனிக்கிழமை, மாலை 4 மணி, கிண்டி

நில வரைபடங்களைக் கணினியில் வரைவதற்கும் அலசுவதற்கும் உதவும் கியூஜிஐஎஸ் என்னும் கட்டற்ற மென்பொருளை அன்றாடம் பயன்படுத்தும் சென்னைக்காரர்கள் சிலர், மாதம் ஒருமுறை கூடிப் பேசலாம் என்று முடிவு செய்தோம். என்ன பேசுவது என்பது ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் முடிவாகிவிட்டது. எப்போது, எங்கே கூடுவது என்பது முடிவாக ஏழு மாதங்கள் ஆயின. அந்த ஏழு மாதங்களில் நடந்த தவறுகளில் பாதிக்கு மேல் என்னுடையவை என்பதால் இதை எழுதும் தகுதி எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

இந்த மென்பொருளுக்கும் கூட்டம் நடக்கும் இடங்களுக்கும் ஏற்கெனவே ஓர் உறவு இருக்கிறது. இதை உருவாக்குபவர்கள் கூடிய ஊர்களின் பெயர்களையே இதன் பதிப்புகளுக்குச் சூட்டுவது வழக்கம். 3.4 பதிப்பு மதெய்ரா, 3.28 பதிப்பு ஃபிரென்சே. மதெய்ரா அட்லாண்டிக் கடலில் உள்ள தீவு. எங்களுக்கோ வேளச்சேரியைத் தாண்டி வருவதே கடல் தாண்டுவதாக இருந்தது.

முதலில் வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு நடத்தினோம். பதினான்கு பேர் ஞாயிறு காலை பத்து மணிக்கு வாக்களித்தார்கள், நான்கு பேர் வந்தார்கள். அடுத்த மாதமும் வாக்கெடுப்பு, வேறொரு நாள், ஐந்து பேர். வாக்களிப்பவர் தமக்கு எது இயலும் என்பதை எண்ணிப் பார்த்து விரலை வைப்பதில்லை. குழுவை உற்சாகப்படுத்துவதற்காக வைக்கிறார். அதைவிடப் பெரிய கேடு, நாள் மாதாமாதம் மாறிக்கொண்டே இருந்ததால் யாராலும் அதை வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைக்க முடியவில்லை. இதே நகரில் சென்னை லினக்ஸ் பயனர் குழுவுக்கு இரண்டாம் சனிக்கிழமை என்றும், பைத்தான் நிரலாளர்களின் சென்னைப்பை குழுவுக்கு நான்காம் சனிக்கிழமை என்றும் நாள் வகுத்து வைத்திருக்கிறார்கள் என்பது கண்ணெதிரே இருந்தும் எங்களுக்குப் புத்தி வரத் தாமதமாயிற்று. அந்த நாட்களை நம் ஆட்கள் நாட்காட்டியைப் பார்க்காமலே சொல்வார்கள். ஆகவே வாக்கெடுப்பை நிறுத்திவிட்டு, யாரையும் கேட்காமல் ஒரு நாளைக் குறித்துவிடுவது என்று தீர்மானித்தோம்.

எந்த நாள் என்பதில்தான் ஊரின் வாழ்க்கை முழுவதும் குறுக்கே வந்தது. ஞாயிறு காலை கறி, மீன் வாங்கும் நேரம். வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்த நாளாக இருந்துவிட்டால் வரவேண்டியவர்களில் பாதிப்பேர் ஏதோ ஒரு மண்டபத்தின் பந்தியில் அமர்ந்திருப்பார்கள். ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை ராகு காலம். மென்பொருள் பேச ராகு காலம் பார்ப்பார்களா என்று சிரித்தேன். ஆனால் அந்த நேரத்தில் வீட்டை விட்டுப் புறப்பட வேண்டாம் என்று சொல்லும் அம்மாக்கள் இருக்கிறார்கள், அவர்களோடு வாதாடிவிட்டு வரும் அளவுக்கு எங்கள் கூட்டம் முக்கியமானதன்று. புறநகர் ரயில்களும் ஞாயிறன்று குறைவு. வேலைநாள் மாலை என்றால், பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்ப்பவர் கிண்டிக்கு வந்துசேர்வதற்குள் கூட்டம் முடிந்திருக்கும்.

எஞ்சியது சனி மாலை. 2015 செப்டம்பர் முதல் வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை என்பதால் அவ்விரண்டில் ஒன்றை எடுக்கலாம் என்று எங்கள் குழுவின் வங்கி ஊழியர் சொன்னது நியாயமே. ஆனால் அவை இரண்டும் மேலே சொன்ன குழுக்களின் நாட்கள், அங்கே போகிறவர்களில் பலர் இங்கேயும் வர விரும்புகிறவர்கள். ஒரே ஆளை இரண்டு பக்கமும் பிடித்து இழுப்பதைவிட, வங்கி நண்பர் ஒரு மணி நேரம் தாமதமாக வரட்டும் என்று மூன்றாம் சனிக்கிழமையை எடுத்துக்கொண்டோம். அவருக்கு இன்னும் அதில் சிறு வருத்தம் உண்டு. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாள் கோவிலுக்குப் போகிறவர்கள் வருவதில்லை. மாறாக ஆடியில் கல்யாணங்கள் இல்லாததால் அறை நிறைந்துவிடுகிறது. புதியவர்களுக்கு அடிப்படைகளைச் சொல்லித்தரும் கூட்டத்தை அதனால் ஆடியில் வைக்கிறோம்.

இனி இடம். முதல் கூட்டத்தை நுங்கம்பாக்கத்தில் ஒரு காபிக்கடையில் வைத்தேன். அலங்காரமான இடம், ஒரே ஒரு மின் இணைப்பு, தலைக்கு மேல் ஒலிபெருக்கி. இரண்டாவது காபிக்குப் பிறகு, கேட்காமலே கொண்டுவந்து வைக்கப்பட்ட பில் மேசையில் அரை மணி நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. வந்திருந்த மாணவர் ஒருவர் விலைப்பட்டியலைத் திறந்து, மூடி, தனக்குத் தாகமில்லை என்றார். அந்த ஒரு சொல்லோடு காபிக்கடை யோசனையைக் கைவிட்டிருக்க வேண்டும். நான் இன்னொரு முறையும் அங்கேயே வைத்தேன். ஒரு காபியோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசுவதற்குப் பேர்போன உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் கதீட்ரல் சாலையில் 2008 வரை இருந்தது. 2010இல் அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா வந்தது. பூங்கா அழகானதுதான், ஆனாலும் மூத்தவர்கள் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பெருமூச்சு விடுவதன் காரணம் எனக்கு அந்தக் காபிக்கடையில் புரிந்தது.

அடுத்து, நண்பர் ஒருவர் தம் அலுவலகத்தின் கூட்ட அறையை இலவசமாகத் தந்தார். குளிரூட்டி, பெரிய திரை, வேகமான இணையம் என்று ஒரு குறையும் இல்லை. ஆனால் வாசலில் ஒரு மேசை இருந்தது. அங்கே பெயர், கைபேசி எண், யாரைப் பார்க்க வந்தீர்கள், மடிக்கணினியின் தயாரிப்பு, அதன் அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டு, புகைப்படமும் எடுத்துக்கொண்ட பிறகே உள்ளே விடுவார்கள். தேய்ந்துபோன ஸ்டிக்கரில் வரிசை எண்ணைப் படிக்க முடியாமல், மடிக்கணினியைத் தலைகீழாகப் பிடித்தபடி ஓர் ஓய்வுபெற்ற நில அளவையாளர் கைபேசி வெளிச்சத்தில் தேடிக்கொண்டிருந்த காட்சி மறக்கவில்லை. அன்று நண்பர் வரத் தாமதமானதால், முதன்முறையாக வந்த இரண்டு பேர் வாசலிலிருந்தே திரும்பிவிட்டார்கள். பழகியவர்கள் என்றால் காத்திருப்பார்கள், சண்டை போடுவார்கள், தொலைபேசியில் கூப்பிடுவார்கள். புதியவர் கூச்சப்பட்டுப் போய்விடுவார். மறுமுறை வரவும் மாட்டார். நேரத்தையும் இடத்தையும் முடிவு செய்யும்போது மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவர், தனியாக, முதல் முறையாக, யாரையும் தெரியாமல் வரப்போகிற அந்த ஒருவர்தான் என்பது எனக்கு அங்கே உறைத்தது.

பூங்காவையும் பார்த்தோம். வெயிலில் மடிக்கணினித் திரை தெரியாது, இருட்டினால் கொசு. ஆனால் பேச்சு அங்கேதான் மிக நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசியில் கிண்டி என்று முடிவானதற்கு வரைபடக்காரர்களுக்கே உரிய முறையில் ஒரு காரணம் உண்டு. எல்லோருடைய வீடுகளையும் புள்ளிகளாக வைத்து அவற்றின் நடுப்புள்ளியைக் கணக்கிட்டால், அது ஒரு முட்டுச்சந்தில் போய் விழுந்தது. தூரத்துக்குப் பதிலாக வண்டி மாறும் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தபோதுதான் விடை சரியாக வந்தது. தாம்பரம், குரோம்பேட்டை ஆட்களுக்கு நேரடிப் புறநகர் ரயில். திருவொற்றியூர்க்காரருக்கு நேரடி மெட்ரோ. ஆவடியிலிருந்து வருபவர் சென்ட்ரலில் ஒருமுறை மாறினால் போதும். அண்ணா பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பக்கம். 2021 மே முதல் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், கிண்டி வழியாக அத்தகைய பேருந்துகள் ஓடுவதும் கணக்கில் சேர்ந்தது.

அங்கே ஒரு பயிற்சி மையத்தின் மாடி அறையை, மின்விசிறியும் மின் இணைப்புகளும் உண்டு, குளிரூட்டி இல்லை என்ற ஒப்பந்தத்தில் சிறு வாடகைக்கு எடுத்திருக்கிறோம். இணைய வசதி கேட்கவில்லை. விண்டோஸுக்கான கியூஜிஐஎஸ் நிறுவல் கோப்பு ஒரு ஜிபியைத் தாண்டும் என்பதால், அதைப் பென்டிரைவில் கொண்டுவந்து கைமாற்றிக்கொள்வதே வேகமான வழி. முன்பணம் கொடுக்கும் முன், ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்து அமைதியான இடம் என்று மகிழ்ந்திருந்தேன். சனிக்கிழமை மாலை மீண்டும் போனபோது இரண்டு கட்டடம் தள்ளியிருந்த கல்யாண மண்டபத்தில் மெல்லிசைக் குழு ஒலிபெருக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. கூட்டம் நடக்கப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில் போய்ப் பார்க்காமல் எந்த அறைக்கும் பணம் கொடுக்காதீர்கள். நாங்கள் பின்பக்க அறைக்கு மாற்றிக் கேட்டு வாங்கினோம்.

முதல் கிண்டிக் கூட்டத்துக்கு நான்கு பேர் வழிதவறினார்கள். ரயில் பாதையின் ஒரு புறம் தொழிற்பேட்டை, மறுபுறம் குதிரைப் பந்தயத் திடல். கைபேசி வரைபடத்தில் இடத்தைக் காட்ட நான் அனுப்பிய குறி அவர்களைத் தவறான பக்கத்தில் இறக்கிவிட்டது. வரைபடம் வரைகிறவர்கள் வழிதவறி வந்ததைப் பற்றி அன்று முழுக்கச் சிரித்தோம். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எங்கள் சந்து இல்லவே இல்லை என்று கண்டுபிடித்து, அன்றைய பயிற்சியாக அதையே சேர்த்தோம். இப்போது அழைப்பில் குறியோடு எந்தப் பக்கம் இறங்குவது, எந்தக் கடைக்கு எதிரில், எத்தனையாவது மாடி என்பதையும் எழுதுகிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு வரியும் சேரும்: வானிலை மையம் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தால் கூட்டம் இல்லை, யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

முடியும் நேரம் 6 மணி என்பதையும் அழைப்பில் எழுதுகிறோம். ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமை திடீர் மழையில் பழையவர்கள் ஒருவரும் வரவில்லை. 4.20க்கு ஒரு மாணவி நனைந்த குடையோடு வந்து, கூட்டம் இதுதானா என்று கேட்டார். தந்தை ஊரிலிருந்து வந்திருப்பதாகவும், அவர் கீழே படிக்கட்டில் உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னார். மேலே வரச் சொல்லியும் அவர் வரவில்லை. அந்தப் பெண் தம் கிராமத்து ஏரியின் எல்லையைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து வரைய முயன்றுகொண்டிருந்தார். எந்த மாதத்துப் படத்தை எடுத்துக்கொள்வது என்பதிலேயே ஒன்றரை மணி நேரம் போயிற்று. 5.55க்குப் படிக்கட்டில் செருமல் கேட்டது. மடிக்கணினியை மூடிவிட்டு, மூவரும் எதிர்க்கடையில் தேநீர் குடித்தோம். அடுத்த கூட்டம் எப்போது என்று அவருடைய அப்பாதான் கேட்டார்.