பாட்டி போட்ட சாவி
போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பன், அதன் பழைய பகுதி அல்ஃபாமா. செங்குத்தான சந்தில் மூச்சு வாங்க நின்றேன். மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பாட்டி எட்டிப் பார்த்து, கீழே நின்ற பையனிடம் படபடவென்று ஏதோ சொன்னார். எனக்குப் பிடிபட்டது ஒரே சொல். "ஷாவ்."

அடுத்த நொடி, துணியில் முடிந்த சாவி பொத்தென்று கல்லில் விழுந்தது.

சாவி! எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அவர் எட்டிப் பார்த்தது ஜன்னல். அவர்களின் போர்ச்சுகீசிய மொழியில் 'ஜனேலா'. மேசை, 'மேசா'. அலமாரி, 'அர்மாரியு'. கப்பலேறி வந்து நம் வீட்டுக்குள் குடியேறிய சொற்களை அவற்றின் பிறந்த ஊரிலேயே கேட்டேன்.

1755 நிலநடுக்கத்தில் லிஸ்பனின் பெரும்பகுதி இடிந்தது. அல்ஃபாமா பெரிதும் தப்பியது. சந்துகள் இன்றும் இவ்வளவு குறுகலாக இருப்பது அதனால்தான்.

இங்கே வருகிறவர்கள் நல்ல பிடிமானமுள்ள ஷூ போட்டு வாருங்கள். சுண்ணாம்புக்கல் நடைபாதை தேய்ந்து வழவழவென்று கிடக்கிறது, தூறல் விழுந்தால் வழுக்கும். கூட்டம் நெரியும் 28ஆம் எண் டிராமுக்குக் காலை எட்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள், பர்ஸ் கவனம். உணவகத்தில் கேட்காமலே வைக்கும் ரொட்டிக்கும் ஆலிவுக்கும் காசு உண்டு. வேண்டாமென்றால் தொடாமல் திருப்பிக் கொடுக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் அல்ஃபாமாவில் மட்டும் டிராமை விட்டு இறங்கி நடங்கள். மெதுவாக, காதைத் தீட்டிக்கொண்டு.

பையன் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டான். பாட்டி இன்னும் ஜன்னலில்தான் நிற்கிறார்.