ஐந்து வாரம் ஒரு வாரமான கணக்கு

கெடா மாநிலத்துப் பாடாங் செராய் பசாரில் என்னைப் பார்க்கிறவர்கள் இன்றும் கேட்பார்கள்: "ஏம்மா, அந்தப் புற்றுக்கட்டியை நீதான் வெட்டி எடுப்பியா?" வெட்டுவது அறுவை மருத்துவர். மருந்தும் கதிர்வீச்சும் என் வேலை. மலேசியாவில் கிளினிக்கல் ஆன்காலஜிஸ்ட் (புற்றுநோய் மருத்துவர்) என்றால் இரண்டும் ஒரே ஆள் தலையில்தான்.

இந்தத் துறைக்கு எப்படிப் போவது என்று ஊர்ப் பிள்ளைகள் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளி, புகுமுக வகுப்பு, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வு, மருத்துவப் படிப்பு எல்லாம் தெரிந்த பாதைதான். ஹவுஸ்மேன் (பயிற்சி மருத்துவர்) வேலை இரண்டு வருடம், தூக்கம் கிடையாது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு மெடிக்கல் ஆபீசராகப் புற்றுநோய்ப் பிரிவில் சேர்ந்தபோதுதான் எனக்கு இதில் பிடிப்பு வந்தது.

செம்பனைத் தோட்டத்தில் உரம் போடுகிற ஓர் அக்கா. மார்பில் கட்டி வந்து பல மாதம் ஆகியும் காட்டவில்லை. "வலிக்கவே இல்லையே டாக்டரம்மா" என்றார். மார்பகப் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிக்காது. அதுதான் ஆளை ஏமாற்றுகிறது. அறுவை முடிந்து கதிர்வீச்சுக்குத் தேதி கொடுத்தோம்: திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து வாரம். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. பஸ் பிடித்து பட்டர்வொர்த், அங்கிருந்து பெர்ரி, அப்புறம் பினாங்கு மருத்துவமனை. "இருபத்தஞ்சு நாளும் வரணுமா? கூட்டிக் குடுத்துச் சீக்கிரம் முடிக்க முடியாதா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் மலாயா பல்கலைக்கழகத்தில் நான்கு வருட மாஸ்டர்ஸ் படித்தபோது கிடைத்தது. முதல் கட்டத்திலேயே இயற்பியலும் கதிர்வீச்சு உயிரியலும் புள்ளியியலும் ஆளைப் போட்டு வாட்டும். டாக்டருக்கு எதற்கு இயற்பியல் என்று அலுத்துக்கொள்ளாதவர் யாருமில்லை. எனக்கு மட்டும் அந்த அக்காவின் முகம் நினைவுக்கு வரும். ஒரு நாளைக்குக் கொடுக்கும் கதிர் அளவைச் சின்னதாக வைத்து நாள்களை நீட்டினால் நல்ல திசு தப்பிக்கும், புற்று மட்டும் சாகும் என்பது பழைய நம்பிக்கை. மார்பகப் புற்றும் நல்ல திசுவைப் போலவே அன்றைய அளவைப் பொறுத்து அடிபடுகிறது என்றால், நாள்களை நீட்டி என்ன லாபம்? பிரிட்டனில் நடந்த ஸ்டார்ட் ஆய்வுகள் மூன்று வாரத்தில் 15 தடவை போதும் என்று காட்டின. 2020-இல் வெளியான ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் ஆய்வு ஒரே வாரத்தில் 5 தடவை என்று கொண்டுவந்தது. எல்லா நோயாளிக்கும் இது பொருந்தாது. பொருந்துகிறவருக்கு நான்கு வாரச் சம்பளம் மிச்சம்.

வேலையில் எனக்குப் பிடித்த இடம் இடது மார்புக்குத் திட்டம் போடுவது. ஸ்கேன் எடுக்கும்போது, "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்கக்கா" என்போம். நுரையீரல் விரிந்ததும் இதயம் மார்புச் சுவரை விட்டு விலகுவது படத்தில் தெரியும். அந்த இடைவெளி விரலகலம்கூட இருக்காது. கதிர் இதயத்தில் படாமல் போக அதுவே பெரிய உதவி.

என் ஆய்வுக் கட்டுரை, சிகிச்சையை நடுவில் விடுகிறவர்களைப் பற்றியது. ஆய்வைத் தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் ஏற்றி, நெறிமுறைக் குழுவின் கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதைவிடப் பெரிய பாடு, ஆளைத் தேடுவது. பழைய கோப்பில் தோட்டத்துப் பேரும் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) எண்ணும் இருக்கும். போய்ப் பார்த்தால் தோட்டம் விற்றாயிற்று, லயம் இருந்த இடத்தில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகள். பழைய கிராணியார் (தோட்டத்துக் குமாஸ்தா) ஒருவரைப் பிடித்து, கோயில் திருவிழாக் கூட்டத்தில் விசாரித்துச் சிலரைக் கண்டுபிடித்தேன். ஆராய்ச்சி என்றால் மைக்ரோஸ்கோப் என்று நினைக்கிறவர்களுக்கு இது சப்பென்றுதான் இருக்கும்.

இந்த வழிக்கு வர நினைக்கிற பிள்ளைகள் மெடிக்கல் ஆபீசராக இருக்கும்போதே, மருத்துவ ஆய்வை முறைப்படி நடத்துவதற்கான ஜி.சி.பி. சான்றிதழை வாங்கிவிடுங்கள், புள்ளியியலைத் தொட்டுப் பாருங்கள். படிப்புச் செலவுக்கு ஹடியா லத்திஹான் பெர்செகுத்துவான் உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்கலாம்.