போர்டில் 60, டேப்பிலும் 60

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஏற்றுமதி ஆடை நிறுவனங்களுக்கு உற்பத்திக் கணக்கு மென்பொருள் பொருத்தித் தருவது என் வேலை. 'டிஜிட்டலுக்குத் தயாரா?' என்று கேட்டால் முதலாளிகள் மெஷின் பட்டியலைத்தான் நீட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1999-இல் மத்திய அரசு தொடங்கிய தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டமும் மெஷின் வாங்கத்தான் கைகொடுத்தது. கட்டிங்கில் கம்ப்யூட்டர் எப்போதோ வந்துவிட்டது. சட்டையின் அடக்கவிலையில் துணிக்கே பெரும்பங்கு போவதால், மார்க்கரில், அதாவது வெட்டும் பாகங்களைத் துணியில் அடுக்கும் வரைபடத்தில், ஒரு சதவீதம் மிச்சம் பிடித்தாலும் கணக்கில் தெரியும். சிக்கல் தையல் லைனில்.

சட்டைக்கு 20 நிமிடத் தையல், லைனில் 40 பேர் என்றால் காகிதத்தில் மணிக்கு 120 வர வேண்டும். நடைமுறையில் 60 வந்தால் சரி என்று டார்கெட் வைத்திருப்பார்கள். 70 வந்த மணியிலும் சூப்பர்வைசர் போர்டில் 60 என்றுதான் எழுதுவார். மீதி 10 பீஸ் அவருடைய உண்டியல். காலர் தைக்கிற பெண் லீவு போட்டு 50-க்கு இறங்கும் மணியில் அதை எடுத்து நிரப்புவார். இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 70 காட்டினால் நாளைய டார்கெட் 70. 50 காட்டினால் எல்லார் முன்னிலும் திட்டு. அவர் வேறென்ன செய்வார்?

ஒரு நிறுவனத்தில் மெஷினுக்கு ஒரு டேப், அதாவது டேப்லெட் கம்ப்யூட்டர், வைத்தோம். வெட்டிய துணிப் பாகங்கள் கட்டுக்கட்டாக, பண்டிலாக வரும்; ஒரு பண்டில் முடிந்ததும் அதன் கார்டை ஸ்கேன் செய்ய வேண்டும். தொடக்கத்தில் திரையில் கோடு தாறுமாறாக ஏறி இறங்கியது. அப்புறம் பார்த்தால் மணிக்கு மணி 60, 60, 60. முடித்த பண்டில்களின் கார்டுகளை ரப்பர் பேண்ட் போட்டு வைத்துக்கொண்டு, சூப்பர்வைசர் கண்ணைக் காட்டும்போது ஸ்கேன் செய்திருக்கிறார்கள். மாடி ஆபீஸில் ஒரே சந்தோஷம், லைன் சீராகிவிட்டதாம்!

டெய்லர்களின் கவலை வேறு. திருவள்ளூர், அரக்கோணம் பக்கமிருந்து விடிகாலையில் கிளம்பி வருகிற பெண்கள். "பாத்ரூம் போற நேரமும் இதுல விழுமா சார்?" என்று ஒரு அக்கா கேட்டார். விழும். அந்த அறிக்கையைப் பெயர் வாரியாக எடுக்காமல் லைன் அளவில் மட்டும் எடுக்க நிர்வாகத்தைச் சம்மதிக்க வைக்கவே பெரும்பாடு பட்டேன். மென்பொருள் பொருத்தியது அதைவிடச் சுலபம்.

அதே டேப்பில் அவர்களாகவே விரும்பித் தொட்டது மெக்கானிக்கைக் கூப்பிடும் பொத்தானை மட்டும்தான். முன்பெல்லாம் மெஷின் நின்றால் ஹெல்பர் தேடி ஓடுவார், மெக்கானிக் டீக்குப் போயிருப்பார், பேச்சு வாங்குவது டெய்லர். இப்போது கூப்பிட்ட நேரமும் வந்த நேரமும் பதிவாகிறது. லைனில் கிடைக்கிற தரவில் நான் முழுசாக நம்புவது இதைத்தான். கொடுப்பவருக்கும் அதில் லாபம் இருக்கிறதே.

அதனால் அடுத்த யூனிட்டில் முதலில் இந்தப் பொத்தானை மட்டும் வைப்போம், பீஸ் கணக்கு பிறகு வரட்டும் என்றேன். எம்.டி. யோசித்துவிட்டுக் கேட்டார்: "மெக்கானிக்கைக் கூப்பிட ஒரு பெல் போதாதா, இவ்வளவு செலவு எதுக்கு?"

கொட்டேஷன் இன்னும் அவர் மேஜையில்தான் இருக்கிறது.